பவுனுவைத் தாரை வார்த்த நாள்

எங்கள் கடைசித் தங்கை பவுன்தாயை அவளுடைய நாற்பத்திரண்டாவது வயதில் ஐஸ் கம்பெனி அய்யாத்துரைக்குத் தாரை வார்த்துக் கொடுத்தபோது சொம்பிலிருந்து விழ ஆரம்பித்த தண்ணீர் நிற்கவில்லை, ஐயர் மந்திரத்தை முடித்தும் நிற்கவில்லை, பொறுக்கமாட்டாமல் முதல் பந்தி உட்கார்ந்து எழுந்தும் நிற்கவில்லை, வெயில் மண்டபத்தின் கிழக்கு வாசலிலிருந்து மேற்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தும் நிற்கவில்லை; பாறைக்குளத்து ஜனங்கள் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை, வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆறு பேர் சேர்ந்து ஒரு சொம்பைப் பிடித்ததுதான் தப்பு என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் மூத்த மகனும் அவன் மனைவியும் அந்த இடத்தில் நின்று தாரை வார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியண்ணன் சௌந்தரபாண்டி அதற்காகப் பட்டு வேட்டி எடுத்து, கண்ணாடி முன்னால் கட்டிப் பார்த்தும் வைத்திருந்தார். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள், வந்திருந்த சொந்தமெல்லாம் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, பெரியக்கா ராஜகனி மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா போனப்புறம் அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புனது யாரு? நான் ஓரத்துல நின்னு பூப் போடணுமாக்கும்."

"தலை பின்னுன, சரி. பேன் பாத்தியா? அது என் பொண்டாட்டில்லா பாத்தா" என்றான் தவமணி அண்ணன். அவனுக்கும் சொம்பின் மேல் ஒரு கண் இருந்தது.

நடு அக்கா செண்பகம், தான்தான் முதலில் பவுனுவின் ஜாதகத்தை வெளியே எடுத்தவள் என்றாள். தம்பி ஜெகதீசன், அப்பா கடைசியாகப் பேசியது தன்னிடம்தான் என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெகுநாள் கனடாவில், வினிபெக்கில் பனி வாரிக் கொட்டிக் களைத்துப் போய், அங்கே கட்டின வீட்டையும் கட்டிக்கொண்ட மனிதரையும் விட்டுவிட்டு, போன வருஷம்தான் நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஊருக்கு என்று சொல்கிறேன், உண்மையில் பவுனு இருக்கிற வீட்டுக்கு. வாய் திறக்காதவளை விட்டுவிட்டதாகப் பின்னால் பேச்சு வரக்கூடாது என்று பெரியண்ணன் என்னையும் சேர்த்துக்கொண்டார். பாவம், பெரியண்ணன் மனைவி மதினியைத்தான் கழற்றிவிட்டார்கள். "எனக்கு இடுப்பு வலி மிச்சம்" என்று சொல்லிவிட்டு மதினி கல்யாணத்தன்று முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஐயர் சொன்னார்: "ஒருத்தர் வார்த்தா போறுமே. ஒரு சொம்புக்கு இத்தனை கையா?"

"எல்லாரும் குடுத்ததா இருக்கட்டும் சாமி" என்றார் பெரியண்ணன்.

சொன்னால் வெட்கம்தான், எங்கள் ஆறு பேரில் ஒருவரும் பவுனுவை வளர்க்கவில்லை. அவள்தான் எங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கையில் விழுந்த அப்பாவைப் புரட்டிப் போட்டவள் அவள், பெரியக்கா மகள்களின் பேறுகாலத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள், தவமணி அண்ணன் குடித்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் கிடந்தபோது ஆட்டோ பிடித்துப் போனவள் அவள், ஜெகதீசனும் அவன் மனைவியும் கோபித்துக்கொண்ட காலங்களில் இரண்டு பக்கமும் சேதி கொண்டு போய்த் திருத்திச் சொன்னவள் அவள், ஆறு வீட்டுச் சாவியும் அவள் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அந்த இடுப்பில்தான் இப்போது அரக்குப் பட்டு சுற்றியிருந்தது.

அய்யாத்துரை எங்கள் வீட்டுக்குள் முதல்முதலாக வந்தது அப்பா செத்த அன்று. தூத்துக்குடியிலிருந்து அப்பா பாடிக்கு ஐஸ் கொண்டுவந்தவர். ஐந்து தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிக்கும்போது ஐம்பதைத் தொட்டுவிட்டவர். பெஞ்சுக்கு அடியில் பாளம் பாளமாக ஐஸை அடுக்கிவிட்டு, ஈரக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, யார் பொறுப்பு இங்கே என்று கேட்டாராம். எல்லோரும் பவுனுவைக் காட்டினார்களாம். அதிலிருந்து ஒரு போன், அப்புறம் ஒரு போன், அப்புறம் இந்தக் கல்யாணம்.

அய்யாத்துரை இரண்டு கையையும் குவித்து நீட்ட, பவுனுவின் கையை அதில் வைத்து, வெற்றிலையும் தேங்காயும் வைத்து, நாங்கள் ஆறு பேரும் சொம்பைச் சாய்த்தோம். தண்ணீர் விழுந்தது. ஐயர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னார். தாம்பாளம் நிறைந்து, மணமேடைச் சமுக்காளம் நனைந்து, படியில் இறங்கி, நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து போக ஆரம்பித்தது. ஐயர் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே அரைச் சொம்புதான் இருந்தது. அதே அரைச் சொம்பு.

"வார்த்து முடியாம தாலி எடுத்துக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். "ஆனா வார்க்கிறவரைக்கும் முகூர்த்தமும் நிக்கும், அதை நான் பாத்துக்கறேன். ஒவ்வொருத்தரா கையை எடுத்துப் பாருங்கோளேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் கையை எடுக்கிறவர்தான் பவுனுவை முதலில் விட்டவர் என்று ஆகும். அடுத்த கல்யாணத்திலும் சடங்கிலும் சாவு விழுந்த துட்டி வீட்டிலும் அதைச் சொல்லிக் காட்ட ஐந்து பேர் உயிரோடு இருப்பார்கள். "நீங்க எடுங்கண்ணே, மூத்தவங்க" என்றான் தவமணி. "சின்னவன்ல இருந்து ஆரம்பிக்கட்டும்" என்றார் பெரியண்ணன். ஒருவரும் எடுக்கவில்லை.

முதலில் வந்தது சமையல்காரர். அன்று வரவேண்டிய தண்ணீர் லாரி வரவில்லை. மூன்றாம் பந்திக்கு ரசம் வைக்கத் தண்ணீர் இல்லாமல் அவர் கரண்டியோடு அலைந்துகொண்டிருந்தவர், மேடைக்குக் கீழே அண்டாவைத் தள்ளிவிட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கமா சாய்ச்சுப் பிடிங்க மொதலாளி" என்று பெரியண்ணனிடம் சொன்னார். அந்த ரசத்தைக் குடித்தவர்கள் கையைக் கழுவாமல் வீட்டுக்குப் போய்ச் சேதி சொல்ல, பச்சையும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் மண்டபத்து வாசலில் வரிசை கட்டின. குளம் என்று பேரில் மட்டும் வைத்துக்கொண்டு, குளத்துக்குள்ளே பையன்கள் ஸ்டம்ப் நட்டு விளையாடுகிற ஊர் அது. அங்கே பெண்களுக்குக் குடத்தை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் வீட்டுக் குடம் முதலிலா மாப்பிள்ளை வீட்டுக் குடம் முதலிலா என்று ஒரு சண்டை வந்தது. வார்டு மெம்பர் வந்து, கல்யாணத்துக்கு மொய் எழுதினவர்கள் ஒரு வரிசை, எழுதாதவர்கள் ஒரு வரிசை என்று பிரித்துவிட்டார். எழுதாதவர்கள் எழுதிவிட்டு இந்த வரிசைக்கு வந்தார்கள்.

மண்டபத்து மேனேஜர் தொட்டியை நிரப்பினார். சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து, தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கும்பிட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தாம்பாளத்தில் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார். நாதசுரக்காரர் கெட்டிமேளத்துக்குக் காத்திருந்து காத்திருந்து, தெரிந்த கீர்த்தனையெல்லாம் தீர்ந்து, தெரிந்த சினிமாப் பாட்டெல்லாம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து வந்தார். சாயங்காலம் அதே மண்டபத்தில் வரவேற்பு வைத்திருந்த வேறொரு வீட்டார் சீரியல் பல்போடு வந்து இறங்கி, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கோபப்படாமல் டிரைவரை அனுப்பி இரண்டு டிரம் வாங்கிவரச் சொன்னார்கள். மேற்கு வாசல் வழியாக வெளியேறின தண்ணீர் சாக்கடையைக் கழுவி, ரோட்டைக் குறுக்கே கடந்து, குளத்துக்குப் போகிற பழைய ஓடையைத் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் எங்கிருந்தோ கொக்குகள் வந்து, விக்கெட் இருந்த இடத்தில் ஒற்றைக் காலில் நின்றன.

மேடையில் எங்களுக்குக் கை மரத்துப்போயிருந்தது. தோளிலிருந்து விரல் வரை ஒரே வலி, அது யாருடைய வலி என்றுகூடத் தெரியவில்லை, ஆறு கையும் ஒரே கை மாதிரி ஆகிவிட்டிருந்தது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து உறங்கிய பிறகு நாங்கள் ஆறு பேரும் இவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை, அந்த நெருக்கத்தில் பெரியக்காவின் தைல வாசனையும் தவமணி அண்ணனின் பாக்கு வாசனையும் ஜெகதீசன் பெருமூச்சும் ஒன்றாகக் கலந்து எனக்குத் தலை சுற்றியது. அந்த அலுப்பிலும் பேரம் நடந்துகொண்டுதான் இருந்தது.

"மாப்ள, என் சின்னவ மாசமா இருக்கா" என்றாள் பெரியக்கா அய்யாத்துரையிடம். "கார்த்திகையில பவுனு வந்து ஒரு மாசம் இருந்துட்டு வருவால்லா?"

"வருவா மைனி. நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு?" என்றாள் பெரியக்கா.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்" என்றார் பெரியண்ணன். "அவ இல்லாட்டி எந்தச் சாமான் எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

"போன்ல கேட்டுக்கிடலாம்ணே" என்றார் அய்யாத்துரை.

பவுனு குனிந்த தலை நிமிராமல், "யக்கா, உன் மூச்சு மாத்திரை என் பையில, பக்கத்து ஜிப்புல இருக்கு. போட்டியா?" என்றாள். பெரியக்கா போடவில்லை. யாரோ எடுத்துவந்து அவள் வாயில் போட்டார்கள். யாரோ ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரையே பிடித்து அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை யாராவது "பவுனு வருவால்லா" என்று கேட்டபோதும் தாரை சுண்டுவிரல் கனத்திலிருந்து பெருவிரல் கனத்துக்குத் தடித்தது என்று, வரிசையில் நின்ற பெண்கள் பிற்பாடு சொன்னார்கள்; குடம் சீக்கிரம் நிறைந்ததில் அவர்களுக்குத்தான் அது தெரியும்.

பொழுது சாய ஆரம்பித்தபோது அய்யாத்துரையின் தாய்மாமா செல்லப்பெருமாள் எழுந்து வந்தார். அதுவரை கால் நனையாமல் நாற்காலியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர்.

"இங்க பாருங்க, உங்க ஊர்த் தண்ணியப் பத்தி நான் குறை சொல்லல. நானும் ரெண்டு டம்ளர் குடிச்சேன். ஆனா விளக்கு வச்சதுக்கு அப்புறம் தாலி கட்டுற வழக்கம் எங்கள்ல கிடையாது. வெளக்கு ஏத்துற வரைக்கும் பாப்பேன். அப்புறம் எங்க பையனக் கூட்டிட்டுப் போயிருவேன். குடுக்க மனசில்லாதவங்க கையில நிக்கிற பொண்ண நாங்க பிடுங்கிட்டுப் போக முடியாதுல்லா?"

இருட்டிவிட்டால் நல்லது என்று என் மனதில் ஒரு மூலை நினைத்தது. பெரியண்ணன் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்த விதத்தில், அந்த மூலை அவரிடமும் இருந்தது தெரிந்தது. வீட்டுக்குப் போகலாம், பவுனு சேலையை மாற்றிக்கொண்டு உலை வைப்பாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பவுனுவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் நான்தான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சின்னக்கா. எனக்குப் போகணும்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு என்று ஆரம்பித்து அவள் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லை. படித்த இரண்டு பாஷையிலும் அவளுக்குச் சொல்ல ஒரு பதிலைத் தேடிப் பார்த்தேன், இரண்டிலும் சொல் இருந்தது, கைதான் அசையவில்லை. மரத்துப்போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எடுக்க மனம் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பைகளை வேனில் ஏற்ற ஆரம்பித்தார்கள். செல்லப்பெருமாள் மேடை ஏறி அய்யாத்துரையின் தோளைத் தொட்டார்.

"எந்திரிப்பா. கை என்னத்துக்கு ஆகும்? ஊறி வெளுத்துக் கெடக்கு பாரு."

அய்யாத்துரையின் கை நிஜமாகவே பார்க்கச் சகிக்கவில்லை. விரல் நுனியெல்லாம் சுருங்கி, தோல் வெள்ளைக் காகிதம் மாதிரி மடிப்பு மடிப்பாக நின்றது. அந்தக் கைக்குள்ளே பவுனுவின் கையும் அதே மாதிரி வெளுத்து, எது எவருடைய விரல் என்று பிரிக்க முடியாமல் கிடந்தது.

"இருக்கட்டும் மாமா" என்றார். "இருவது வருசமா இந்தக் கை காஞ்சதே இல்ல. அஞ்சு தங்கச்சிக்கு நான் ஊத்துனேன், எல்லாம் அரைச் சொம்புல முடிஞ்சுது. அப்ப இவ்வளவு இல்ல. ஒருவேளை நான் சீக்கிரமா குடுத்துட்டனோ என்னமோ."

"வெளையாடாத. எந்திரி."

அய்யாத்துரை எழுந்திருக்கவில்லை. மாமாவைப் பார்க்காமல், எங்கள் ஆறு பேரையும் பார்க்காமல், காலையிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கிற பவுனுவின் முகத்தைப் பார்த்தார். தாலி ஏறுகிறவரை பெண்ணும் மாப்பிள்ளையும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பார்கள். அவள் உதட்டில் சாயம் போய், தோல் வெடித்து, ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது. ஊரே குடித்து, சமைத்து, குளித்து, டிரம்மில் பிடித்து, மாட்டுக்குக் காட்டி, மிச்சத்தைக் கொக்குக்கு விட்டிருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தண்ணி குடிக்கியா?" என்றார்.

பவுனு நிமிர்ந்து பார்த்தாள். கேட்டது தன்னைத்தானா என்று திரும்பி எங்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"குடிக்கேன்" என்றாள்.

ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பஞ்சாங்கத்தால் வாயை மூடிக்கொண்டார். அய்யாத்துரை வெற்றிலையையும் தேங்காயையும் மடியில் எடுத்து வைத்துவிட்டு, ஊறிப்போன கையைச் சேர்த்துக் குவித்து உயர்த்த, பவுனு நெற்றிச்சுட்டி முன்னால் விழ, மாலை நனைய, குனிந்து அந்தக் கையில் வாயை வைத்துக் குடித்தாள். குடித்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தாள், அப்பாவைத் தூக்கிச் சுமந்த வருஷங்களுக்கும், பேறுகால வீட்டு வெந்நீர் அடுப்புகளுக்கும், ஆறு வீட்டுப் படிக்கட்டுகளுக்கும், விசேஷ வீடுகளில் கடைசிப் பந்தியில்கூட உட்காராமல் நின்ற மத்தியானங்களுக்கும் சேர்த்துக் குடிக்கிறவள் போலக் குடித்தாள், வரிசையில் நின்றவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க, நாதசுரக்காரர் வாசிப்பை விட்டுவிட்டுப் பார்த்திருக்க, தாரை பெருவிரலிலிருந்து சுண்டுவிரலாகி, ஈர்க்குச்சியாகி, நூலாகி, அவள் போதும் என்று தலையை நிமிர்த்தி வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டபோது, சொம்பின் விளிம்பில் ஒரு சொட்டு நின்று, யோசித்து, விழுந்தது.

வரிசையில் கடைசியாக நின்ற அம்மாள், "சே, என் முறை வாரப்பவா நிக்கணும்" என்று முனகினாள்.

அப்புறம் எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. விளக்கு வைப்பதற்குள் தாலி ஏறியது. நாதசுரக்காரரும் தவில்காரரும் நாள் முழுக்க அடக்கிவைத்திருந்த கெட்டிமேளத்தை அடித்து நொறுக்கினார்கள். அட்சதை போடக்கூட எங்களுக்குக் கை விரியவில்லை. மதினி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சொம்பைச் சுற்றி இறுகிக் கிடந்த எங்கள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பிரித்துவிட்டாள். யார் விரல் முதலில் வந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ரொம்ப நேரமாவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும் என்று செல்லப்பெருமாள் அவசரப்படுத்தினார். சாயங்கால வரவேற்புக்காரர்கள் ஏற்கெனவே மேடையைத் துடைத்து வேறு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பவுனு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று சொல்லாமல், பெரியண்ணன் கையில் வைத்தாள். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அய்யாத்துரை நின்றிருந்தார். ஒரு காலை உள்ளே வைத்தவள், வழக்கம்போலத் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் சாப்ட்டீங்களா?"

காலையிலிருந்து சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஆறு பேரில் ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை போகவில்லை. பந்தியும் முடிந்து, பாத்திரமும் கழுவியாகிவிட்டது. சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள். ஒரு நிமிஷம் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகியிருப்பாள்.

"சாப்ட்டாச்சு" என்றார் பெரியண்ணன்.

"சாப்ட்டாச்சு" என்றாள் பெரியக்கா. தவமணி அண்ணன் சொன்னான், செண்பகம் சொன்னாள், ஜெகதீசன் சொன்னான்.

பவுனு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என் முகத்தில் நின்றாள். எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும் அவளுக்குத் தெரியும்.

"வயிறு முட்டச் சாப்ட்டோம்" என்றேன். "நீ போ."

அவள் இன்னொரு காலையும் உள்ளே எடுத்து வைத்தாள்.